டெக்சாஸில் கட்டட வேலைக்கு விற்பனை வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டல்லாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஆலங்கட்டி மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மழை பெய்த மறுவாரம் கூரை மாற்றுபவர்கள் கதவைத் தட்டுவார்கள். அதற்கு அடுத்த வாரம் எனக்கு போன் வரும்: "கூரை பில்லில் டாக்ஸ் போட்டிருக்கிறான், கொடுக்கணுமா?" சிறு கடைகளுக்கும் இரண்டு மூன்று கான்ட்ராக்டர்களுக்கும் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. ஒரே பதிலைப் பத்து பேருக்குத் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். இது டெக்சாஸுக்கு மட்டும். வேறு மாநிலங்களைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் இருக்கிறது.

வரி எத்தனை சதவீதம்?

மாநிலத்துக்கு 6.25%. நகரம், கவுண்டி, போக்குவரத்து ஆணையம் எல்லாம் சேர்ந்து அதற்கு மேல் 2% வரை போட்டுக்கொள்ளலாம். ஆகவே எங்கே போனாலும் 8.25%தான் உச்சம். டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் மூன்றிலும் இந்த உச்ச விகிதமே. வசூலிப்பது கம்ப்ட்ரோலர் அலுவலகம், அதாவது மாநிலத்தின் வரித்துறை. விகிதத்தில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எந்தத் தொகையின் மேல் போடுவது என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

ஊரில் ஜிஎஸ்டி மாதிரி மொத்த கான்ட்ராக்ட்டுக்கும் உண்டுதானே?

இங்கே கதை வேறு. இந்தியாவில் சாமானோடு சேர்த்து வேலை எடுத்தால் அதை ஒரு சேவையாக வைத்து மொத்தத்துக்கும் ஜிஎஸ்டி போடுகிறார்கள். டெக்சாஸில் சாமானுக்கு வரி உண்டு. கூலிக்கு, சட்டம் குறிப்பிட்டுச் சொன்ன வேலைகளில் மட்டும்தான் உண்டு. உங்கள் வேலை அந்தப் பட்டியலில் வருகிறதா என்று தெரிய மூன்று விஷயம் பார்க்கணும்: கட்டடம் குடியிருக்கவா, தொழிலுக்கா; வேலை புதிதாகக் கட்டுவதா, இருப்பதை மாற்றுவதா; ஒப்பந்தத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள். முதல் இரண்டையும் எல்லோரும் யோசிப்பார்கள். மூன்றாவதைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படிப்பார்கள்.

சரி, என் வீட்டுக் கூரைக்கு வருவோம். பில்லில் வரி போட்டது சரியா?

பில்லைக் கையில் எடுத்து, தொகை எப்படிப் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

"கூரை மாற்ற மொத்தம் 16,000 டாலர்" என்று ஒரே தொகையாக இருந்தால் அது மொத்தத் தொகை ஒப்பந்தம். இதில் சட்டத்தின் கண்ணுக்குக் கான்ட்ராக்டர்தான் சாமானின் கடைசி நுகர்வோர். ஷிங்கிள், ஆணி, தார்த்தாள் எல்லாவற்றுக்கும் கடையிலேயே அவர் வரி கட்டியிருப்பார், கட்டியிருக்க வேண்டும். அந்த வரி அவருடைய செலவாக 16,000-க்குள்ளேயே அடங்கிவிட்டது. அதன் கீழே கோடு இழுத்து 8.25% வரி என்று 1,320 டாலர் சேர்த்திருந்தால், அது தப்பு.

"சாமான் 9,000, கூலி 7,000" என்று பிரித்து எழுதியிருந்தால் கதை மாறுகிறது. இப்போது கான்ட்ராக்டர் உங்களுக்குச் சாமான் விற்கும் கடைக்காரர் மாதிரி. அவர் வரி கட்டாமல் வாங்கி, உங்களிடம் 9,000-க்கு வரி வாங்கி மாநிலத்துக்குக் கட்டுவார். 742 டாலர் 50 சென்ட். இது நியாயமான வரி. கூலி 7,000-க்கு ஒரு சென்ட்கூட வரி கிடையாது, ஏனென்றால் அது குடியிருக்கும் வீடு.

அப்படியானால் எந்த ஒப்பந்தம் எனக்கு நல்லது?

வரியை மட்டும் பார்த்தால் வீட்டுக்காரருக்கு மொத்தத் தொகைதான் கொஞ்சம் மலிவு. மேலே சொன்ன 9,000 டாலர் சாமானைக் கான்ட்ராக்டர் 7,000-க்கு வாங்கியிருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தொகையில் அவர் கட்டும் வரி 7,000-க்கு, அதாவது 577.50. பிரித்து எழுதினால் அவர் வைத்த லாபத்துக்கும் சேர்த்து நீங்கள் வரி கட்டுகிறீர்கள். வித்தியாசம் 165 டாலர். சாமான் விலையை வாங்கிய விலைக்குக் கீழே குறைத்துக் காட்டி, மீதியைக் கூலியில் ஏற்றுவதற்கு வழியில்லை.

ஆனால் 165 டாலருக்காக ஒப்பந்தத்தின் வடிவத்தை மாற்றச் சொல்லிக் கான்ட்ராக்டரோடு மல்லுக்கு நிற்பதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து. எது என்று முதலிலேயே தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அது போதும்.

'வீடு' என்றால் தனி வீடு மட்டும்தானா?

அபார்ட்மென்ட், காண்டோ, முதியோர் இல்லம், நர்சிங் ஹோம் எல்லாம் குடியிருப்புக் கணக்குதான். அபார்ட்மென்ட்டில் குடியிருப்பவர்களுக்கான நீச்சல் குளம், துணி துவைக்கும் அறையும் இதில் சேரும். வாடகைக்கு விட்டிருக்கும் வீடும் வீடுதான். உங்களுக்கு அது வருமானம் தருகிறது என்பதால் தொழில் கட்டடம் ஆகிவிடாது. ஹோட்டலும் மோட்டலும் சேராது. அங்கேயும் மனிதர்கள்தான் தூங்குகிறார்கள், ஆனால் அறை வரி கட்டும் இடம் என்பதால் தொழில் கட்டடம்.

கடை போடுகிறேன். பழைய இடத்தை மாற்றும் வேலைக்கு வரி உண்டா?

உண்டு, முழுத் தொகைக்கும். நம் ஆட்கள் அதிகம் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தெரிந்த ஒருவர் ஒரு ஸ்ட்ரிப் மாலில், முன்பு உலர்சலவைக் கடை இருந்த இடத்தை எடுத்து டிபன் கடை ஆக்கினார். நடுச்சுவரை எடுத்தது, சமையலறைக்கு ஓடு பதித்தது, புகைபோக்கி, தரைக்கடியில் எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டி என்று மொத்தம் 96,000 டாலர். கான்ட்ராக்டர் நல்ல வேலைக்காரர். ஆனால் அதுவரை வீட்டு வேலை மட்டுமே செய்து பழகியவர். வீட்டில் செய்கிற மாதிரியே சாமானுக்குக் கடையில் வரி கட்டிவிட்டு, கடைக்காரரிடம் வரி வாங்காமல் பில்லை முடித்துவிட்டார். இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

இரண்டு வருடம் கழித்து கான்ட்ராக்டரின் கணக்கைத் தணிக்கை செய்ய வந்தார்கள். தொழில் கட்டடத்தில் பழுது பார்ப்பது, மாற்றியமைப்பது, பழைய நிலைக்குக் கொண்டுவருவது ஆகிய மூன்றும் வரிக்கு உட்பட்ட சேவை. சாமான், கூலி, லாபம் எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கும் வரி. பிரித்து எழுதினாலும் கூலி தப்பாது. 96,000-க்கு 8.25% என்றால் 7,920 டாலர். கான்ட்ராக்டர் ஓடிவந்து கடைக்காரரின் கல்லாப்பெட்டி முன்னால் நின்றார். கடைக்காரர் என்னிடம் கேட்டார்: "அவன் பில்லில் போடாததற்கு நான் எப்படிப் பொறுப்பு?" பொறுப்புதான். டெக்சாஸில் வரியை வாங்காத விற்பனையாளரிடமும் கேட்கலாம், கட்டாத வாடிக்கையாளரிடமும் கேட்கலாம். சாமானுக்குக் கடையில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடிந்தது, அது ஒரு ஆறுதல். அபராதமும் வட்டியும் அதைத் தின்றுவிட்டன.

பக்கத்துக் கடைக்காரர் அதே மாதிரி வேலைக்கு கூலிக்கு வரியே கட்டவில்லை என்கிறாரே?

அவர் எடுத்த இடம் எது என்று கேளுங்கள். புதிதாகக் கட்டி நான்கு சுவரும் மண் தரையுமாக விட்டிருந்த, அதுவரை யாரும் குடிபுகாத இடமாக இருந்தால் அவர் சொல்வது சரி. முதன்முதலாக உள்வேலை செய்து முடிப்பது புதுக் கட்டுமானக் கணக்கில் வரும். புதுக் கட்டுமானத்துக்கு வீடானாலும் கடையானாலும் கூலிக்கு வரி இல்லை. சாமானுக்கு மட்டும், மேலே சொன்ன இரண்டு முறையில் ஒன்றில்.

ஐந்து மாடிக் கட்டடத்தில் முதல் மாடியை மட்டும் முடித்து ஆள் வந்துவிட்டாலும், மற்ற மாடிகளுக்கு முதல் முறை செய்யும் உள்வேலை புதுக் கட்டுமானம்தான். ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். அதே புகைபோக்கியை, அதே ஓடுகளை, அதே ஆள் பதித்தாலும் ஒரு கதவுக்கு வரி ஒரு மாதிரி, அடுத்த கதவுக்கு வேறு மாதிரி. குத்தகைப் பத்திரம் போடும்போதே "இங்கே முன்பு யாராவது இருந்தார்களா" என்று கேட்டு வைப்பது நல்லது. எஸ்டிமேட் ஆயிரக்கணக்கில் மாறும்.

கடையைப் பெரிதாக்குவது புதுக் கட்டுமானமா, மாற்றமா?

பயன்படுத்தக்கூடிய சதுர அடி கூடுகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் ஒரு கட்டு இழுத்துக் கட்டினால், உள்ளேயே ஒரு இடைமாடி போட்டால், அந்தப் பகுதி புதுக் கட்டுமானம். சுவரைத் தள்ளிவைத்து அறையைப் பெரிதாக்குவதும், சாமான் அடுக்கும் அறையை ஆபீஸ் ஆக்குவதும் மாற்றம்தான். மொத்த இடம் அதே அளவுதானே! கூரையை உயர்த்தினால் இடம் பெரிதாகத் தெரியும், ஆனால் நிற்க ஒரு அடி கூடக் கிடைக்கவில்லை என்றால் அதுவும் மாற்றமே.

இரண்டும் கலந்த வேலை என்றால்?

ஒப்பந்தத்தில் இரண்டுக்கும் தனித்தனித் தொகை போடச் சொல்லுங்கள். போடாவிட்டால், வரிக்கு உட்பட்ட வேலை மொத்தத்தில் 5%-ஐத் தாண்டியதும் முழுத் தொகைக்கும் வரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். புதுக் கட்டுக்கு 2 லட்சம் டாலரும் பழைய கட்டைத் திருத்த 30,000-மும் ஆகும் வேலையை ஒரே தொகையாக எழுதிக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் கூடுதலாக டைப் அடித்திருந்தால் 2 லட்சத்தின் மேலான வரிப் பேச்சே வந்திருக்காது.

கடை ஏசியைப் பராமரிப்பதற்கும் வரியா?

முன்கூட்டியே திட்டமிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் செய்யும் பராமரிப்புக்குக் கூலிக்கு வரி இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து வடிகட்டி மாற்றிப் பார்த்துவிட்டுப் போவது இந்த வகை. ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது, கெட்டுப்போகாமல் இருக்கச் செய்வது என்பதுதான் இதன் பொருள். ஜூலை மாதம் மத்தியானம் கம்ப்ரசர் நின்றுபோய் ஆளைக் கூப்பிட்டால் அது பழுது. முழுத் தொகைக்கும் வரி. வீட்டு சென்ட்ரல் ஏசி பழுதானால் கூலிக்கு வரி இல்லை, அது வீட்டோடு சேர்ந்தது. ஆனால் அதே வீட்டில் ஃப்ரிட்ஜைப் பழுதுபார்க்க வந்தவர் கூலிக்கும் வரி போடுவார், ஏனென்றால் ஃப்ரிட்ஜ் நகர்த்தக்கூடிய பொருள்.

வீட்டுக் கூலிக்கு வரி இல்லை என்றீர்கள். புல் வெட்டுபவர் ஏன் வரி போடுகிறார்?

புல் வெட்டுவது, தோட்ட வேலை, வீடு கூட்டித் துடைப்பது, கரையான் மருந்து அடிப்பது, குப்பை அள்ளுவது, நிலம் அளப்பது ஆகியவற்றைச் சட்டம் தனியாகப் பேர் சொல்லி வரிக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதில் வீடு, கடை என்ற பேதம் கிடையாது. வீட்டில் கழிவறையையே இடித்துக் கட்டினாலும் கூலிக்கு வரி இல்லை, கட்டிய கழிவறையைக் கழுவ ஆள் வைத்தால் வரி! இதில் தர்க்கம் தேடி நான் பல இரவு வீணாக்கியிருக்கிறேன். நீங்கள் வீணாக்க வேண்டாம்.

புது வீட்டை பில்டரிடம் வாங்கினால் விற்பனை வரி உண்டா?

கிடையாது. நிலமும் வீடும் வாங்குவதற்கு இந்த வரி இல்லை. பில்டர் சாமானுக்குக் கட்டிய வரி விலைக்குள் இருக்கும். வருஷா வருஷம் வரும் சொத்து வரி முற்றிலும் வேறு விஷயம், அதற்குக் கம்ப்ட்ரோலரிடம் போய் நிற்காதீர்கள்.

கோயில் கட்டுகிறோம். வரி விலக்கு உண்டா?

பேர்லேண்ட் மீனாட்சி கோயில் மாதிரி டெக்சாஸில் நம் கோயில்கள் பல வந்துவிட்டதால் இந்தக் கேள்வியும் இப்போது அடிக்கடி வருகிறது. வழிபாட்டு அமைப்பாகக் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில் விலக்கு வாங்கியிருந்தால் உண்டு. கோயில் நிர்வாகம் கான்ட்ராக்டருக்கு விலக்குச் சான்று கொடுக்கும். அவர் அதை வைத்து, கட்டடத்தில் சேரும் சாமானை வரியில்லாமல் வாங்குவார். பழைய மண்டபத்தைத் திருத்தினாலும் கூலிக்கு வரி வராது.

ஒன்றைக் கவனிக்கணும். ஒப்பந்தம் கோயிலின் பேரில் இருக்க வேண்டும். பக்தர் ஒருவர் "நானே மண்டபத் தரையை மாற்றிக் கொடுத்துவிடுகிறேன்" என்று தன் பேரில் கான்ட்ராக்டரோடு கையெழுத்துப் போட்டால் வாங்குபவர் அவர், கோயில் இல்லை. பணத்தைக் கோயிலுக்கு நன்கொடையாகக் கொடுத்து, கோயிலே வேலையைக் கொடுப்பதுதான் வழி.

புயலில் கடை சேதமானால் சலுகை உண்டா?

2017-ல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது பலருக்கு உதவியது இந்தப் பிரிவு: பேரிடர்ப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், அந்தப் பேரிடரால் சேதமான கடையைச் சரிசெய்யும் கூலிக்கு வரி இல்லை. ஆனால் பில்லில் கூலியைத் தனியாகக் காட்டியிருக்க வேண்டும். ஒரே தொகையாக எழுதினால் சலுகை போச்சு. மேலே வீட்டுக்கு மொத்தத் தொகை மலிவு என்றேன். இங்கே அப்படியே தலைகீழ்.

நான் கான்ட்ராக்டர். என்ன செய்ய வேண்டும்?

வீட்டு வேலையை மொத்தத் தொகைக்கு மட்டுமே எடுப்பவருக்கு விற்பனை வரி அனுமதி தேவையில்லை. சாமானுக்குக் கடையில் வரி கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பிரித்து எழுதுபவரும், கடை, ஆபீஸ் மாற்றும் வேலை எடுப்பவரும் அனுமதி எடுக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.

அனுமதி வந்ததும் சாமான் கடையில் 01-339 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் மறுவிற்பனைக்கு என்று வரியில்லாமல் தருவார்கள். அப்படி வாங்கி வைத்த சாமானில் கொஞ்சத்தை எடுத்து மொத்தத் தொகை வேலை ஒன்றுக்குப் போட்டால், அதற்கான வரியை நீங்களே மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். துளை போடும் இயந்திரம், ஏணி, ரம்பம் எல்லாம் உங்கள் சொந்த உபயோகம். அந்தப் படிவத்தைக் காட்டி வாங்கக் கூடாது. வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்க அதைக் காட்டுவது குற்ற வழக்கு வரை போகும், படிவத்திலேயே எழுதியிருக்கிறது.

கடை வேலையில் உங்களுக்குக் கீழே துணை கான்ட்ராக்டர் இருந்தால், அவருக்கு நீங்கள் மறுவிற்பனைச் சான்று (அதே 01-339 படிவம்) கொடுங்கள். அவர் உங்களிடம் வரி வாங்க மாட்டார். நீங்கள் வாடிக்கையாளரிடம் மொத்தத்துக்கும் வாங்கிக் கட்டுவீர்கள். மாதம் தோறும் கட்டுபவர் என்றால் அடுத்த மாதம் 20-ஆம் தேதி கெடு. நேரத்துக்குக் கட்டினால் வரியில் 0.5% நீங்களே வைத்துக்கொள்ளலாம். தாமதமானால் 5%, முப்பது நாள் தாண்டினால் 10%, அதோடு கணக்கைத் தாமதமாகக் கொடுத்ததற்கு 50 டாலர். ரசீதுகளை நான்கு வருடம் வைத்திருங்கள். ஷூ பெட்டியில் போட்டு வைத்தாலும் சரி, மாதவாரியாகக் கட்டி வையுங்கள்.

தப்பாக வாங்கிய வரியைத் திரும்ப வாங்க முடியுமா?

முதலில் கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். அவர் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாநிலத்திடம் வாங்கிக்கொள்ளலாம். அவருக்கு அலைய மனமில்லை என்றால், அந்த உரிமையை உங்களுக்கு எழுதிக் கொடுக்கலாம், நீங்களே கேட்டுக்கொள்வீர்கள். பொதுவாக நான்கு வருடம் வரை கேட்கலாம். ஆனால் அவர் உங்களிடம் வாங்கிய 1,320-ஐ மாநிலத்துக்குக் கட்டவே இல்லை என்றால் மாநிலம் திருப்பித் தர என்ன இருக்கிறது? முதல் வேலையாக அவருக்கு வரி அனுமதி எண் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எண் இல்லாதவர் வரி வாங்கவே கூடாது.

நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் இதெல்லாம் தப்பு என்கிறாரே?

அவர் ஊருக்கு அவர் சொல்வது சரியாக இருக்கும். நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் கேட்பது வேறு கேள்வி: சொத்தின் மதிப்பை உயர்த்தும் நிரந்தர மேம்பாடா, வெறும் பழுதா? மேம்பாடு என்றால் வீட்டுக்காரர் ஒரு சான்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க, கூலிக்கு வரி இல்லாமல் போகும். பழுது என்றால் சொந்த வீடானாலும் கூலிக்கு வரி. நியூ ஜெர்சியில் தரைவிரிப்பு பதிப்பதும் தோட்டம் அமைப்பதும் மேம்பாடாகவே இருந்தாலும் வரிதான். வாஷிங்டன் மாநிலத்தில் உங்கள் நிலத்தில் உங்களுக்காக வீடு கட்டிக் கொடுத்தால் கூலி உட்பட மொத்த ஒப்பந்தத்துக்கும் விற்பனை வரி. சியாட்டிலிலிருந்து இங்கே குடிவந்தவர்கள் முதல் எஸ்டிமேட்டைப் பார்த்து "வரியை விட்டுவிட்டார்களோ" என்று கேட்பது இதனால்தான்.

"கேஷாகக் கொடுத்தால் டாக்ஸ் இல்லை" என்கிறார் கான்ட்ராக்டர். சரி என்று சொல்லலாமா?

வீட்டு வேலை, மொத்தத் தொகை என்றால் பில்லில் தனியாக வரி முதலிலிருந்தே கிடையாது. இல்லாத ஒன்றை உங்களுக்குத் தள்ளுபடி செய்கிறார். கடை வேலை என்றால் வரி அப்படியே உங்கள் தலையில்தான் இருக்கிறது, கையில் ரசீது மட்டும் இல்லை.